பங்குனி வெயிலும் இசைத்தட்டின் படபடப்பும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வினைல் இசைத்தட்டு கேட்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொல்லைக்காலம் வரும். தைப்பனி விலகியதும் தொடங்கி, கோடை மழை நாலு நாள் நன்றாக இறங்கும்வரை நீடிக்கும். உறையிலிருந்து தட்டை உருவினால் காகித உள்ளுறையும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். முன்கை ரோமங்கள் தட்டை நோக்கி எழுந்து நிற்கும். பாட்டு முடிந்து தட்டைத் தூக்கினால் அடியில் கிடக்கும் ஃபெல்ட் விரிப்பும் சேர்ந்து எழும்பிப் பாதி வழியில் விழும். விழுகிற இடம் ஊசியாக இருந்துவிட்டால் அன்றைக்குச் செலவுதான். இத்தனைக்கும் நடுவில், பாட்டின் அமைதியான இடம் பார்த்து 'டிக்' என்று ஓர் ஓசை தெறிக்கும்.

இதற்குக் காரணம் நிலைமின்சாரம் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்ததும் கடைக்குப் போகிறார்கள். தூரிகை, துணி, தெளிப்பான், துப்பாக்கி வடிவில் ஒரு கருவி என்று வாங்கி அடுக்குகிறார்கள். எல்லாமே தட்டுக்குச் செய்யும் வைத்தியம். என் எண்ணத்தில் வைத்தியம் தேவைப்படுவது அறைக்கு. நூற்பாலைகள் நிறைந்த இந்த மண்ணில் அதை விளக்குவதும் சுலபம். பஞ்சை நூலாக்கும் எந்த ஆலையும் நிலைமின்சாரத்தோடு மல்லுக்கட்டாமல் ஒரு நாளும் ஓடியதில்லை.

முதலில், கேட்கிற ஓசை நிலைமின்சாரம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. 'டிக்' ஓசை இந்த இடைவெளியில் தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல். மின்சாரத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, அதே சொல்லில் அதே ஓசை வந்தால் ஊசி ஓடும் வரிப்பள்ளத்தில் அழுக்கு உட்கார்ந்திருக்கிறது. முதல் முறை பல்லவியில் வந்த ஓசை மறுமுறை சரணத்தில் வந்தால், மதியம் தெறித்து விடியற்காலையில் அடங்கினால், அதுதான் நாம் தேடும் ஆள். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே மின்சாரத்தின்மேல் பழி போடுகிறவர்கள் அதிகம். பழைய தட்டுகளில் வரும் ஓசையில் பெரும்பங்கு வெறும் அழுக்கு.

இரண்டு வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவுகின்றன. உரசுவதால் புதிதாக எதுவும் நடப்பதில்லை. தொடும் இடங்களும் பிரியும் தடவைகளும் பெருகுகின்றன, அவ்வளவுதான். எந்தப் பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கும், எது பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இயற்பியலில் ஒரு வரிசை உண்டு. கொடுக்கும் பக்கத்தில் மனிதத் தோல், கண்ணாடி, நைலான், கம்பளி ஆகியவை நிற்கின்றன. நடுவில் பருத்தி. பிடுங்கும் பக்கத்தில் பாலியெஸ்டர், பாலிதீன், அவற்றையும் தாண்டி பி.வி.சி. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்தது முதல் இசைத்தட்டு என்பது பெரும்பாலும் இதே பி.வி.சி. குடும்பத்தைச் சேர்ந்த, வினைல் குளோரைடு பிளாஸ்டிக்தான். ஆகவே கை தொட்டாலும், காகிதம் உரசினாலும், கம்பளியில் வைத்தாலும் தட்டு எதிர்மின்னூட்டத்தோடுதான் எழுந்திருக்கும்.

ஏறிய மின்னூட்டம் இறங்க வழி இல்லை என்பது அடுத்த சிக்கல். வினைல் முழு மின்காப்புப் பொருள். உலோகத்தில் ஓர் இடத்தைத் தொட்டு எர்த் செய்தால் முழுப் பொருளும் வடிந்துவிடும். வினைலில் ஒவ்வொரு மின்னூட்டமும் பிறந்த இடத்திலேயே குந்தியிருக்கும். ஓரத்தைத் தொட்டால் அந்த ஓரம் மட்டுமே வடியும். ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் எர்த் கம்பியைப் பலமுறை கழற்றி மாட்டினாலும் தட்டு அப்படியேதான் இருக்கும். அந்தக் கம்பி 'ஹம்' என்ற இரைச்சலைத் தடுக்க வைத்தது.

ஊசி உரசித்தானே மின்சாரம் வருகிறது என்று நினைப்பது இயல்பு. ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் காட்ரிட்ஜைத் தயாரித்த ஷூர் நிறுவனம் 1970களில் இதை ஆராய்ந்து, ஊசியின் பங்கு மிகச் சிறிது என்று கண்டது. உறையிலிருந்து உருவுவது, துணியால் துடைப்பது, விரிப்பிலிருந்து தூக்குவது ஆகியவைதான் பெரிய குற்றவாளிகள். 1978-இல் அவர்கள் வெளியிட்ட வி15 டைப் 4 காட்ரிட்ஜின் முன்புறம் கரி இழைகளால் ஆன சிறு தூரிகை இருந்தது. தட்டு சுற்றச் சுற்ற அது மேற்பரப்பின் மின்னூட்டத்தை எர்த்துக்கு வடித்துக்கொண்டே வரும். அவர்கள் கவலைப்பட்டது 'டிக்' ஓசைக்காக மட்டுமல்ல. மின்னூட்டம் ஏறிய தட்டு காட்ரிட்ஜைத் தன்பக்கம் இழுக்கும். ஒன்றரை கிராம், இரண்டு கிராம் என்று நாம் பார்த்துப் பார்த்து வைத்த ஊசி எடை அந்த இழுவையில் கூடிவிடும்.

ஒரு சிறு பொறி இவ்வளவு பெரிதாகக் கேட்பது ஏன்? காந்த வகைக் காட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் ஆயிரத்தில் நான்கைந்து வோல்ட். அதை இசைத்தட்டுக்கென்றே உள்ள போனோ ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. மறுபக்கம், விரல் நுனியில் நமக்குச் சுருக்கென்று உறைக்கும் பொறிக்கே 3,000 வோல்ட் அளவு வேண்டும். நமக்கு உறைக்காத அளவில் தட்டுக்கும் ஊசிக்கும் நடுவே தாவும் பொறிகூட அந்தச் சங்கிலிக்கு இடிதான்.

ஆனாலும் 'டிக்' ஓசை வந்தது போனது என்று முடிந்துவிடும். நிலைமின்சாரம் செய்யும் நிரந்தரக் கேடு தூசி. காற்றில் மிதக்கும் இழை, பொடி, பஞ்சு எல்லாவற்றையும் தட்டு தேடி இழுத்துக்கொள்கிறது. அவை வரிப்பள்ளத்தில் விழுகின்றன. அந்தப் பள்ளத்தின் அகலம் ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அடங்கும். ஊசி முனை அதைவிடச் சிறிது. முழு எடையும் அந்த முனையில் குவிவதால், வழியில் கிடக்கும் மணல் பொடியைச் சுவரில் அரைத்துப் பதித்துவிட்டுத்தான் ஊசி நகரும். அதன்பின் அது நிரந்தரக் கீறல்; மழை வந்தாலும் போகாது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வீசுகிற ஊரில், பனியன் பஞ்சு பறக்கிற திருப்பூரில், தூசிக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். தட்டு உலோகச் சுழல்மேடையில் கிடக்கும்போது மின்னூட்டம் இருப்பதே தெரியாது. மேடை அருகில் இருப்பதால் மின்னழுத்தம் அடங்கிக் கிடக்கும். மின்னூட்டம் மாறாமல் தட்டை மேலே தூக்கத் தூக்க மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் பாட்டு ஓடும்போது சாதுவாக இருந்த தட்டு கையில் எடுத்ததும் சடசடக்கிறது, கணநேரத்தில் தூசியை வாரிக்கொள்கிறது. தட்டு கெடுவது பெரும்பாலும் ஓடும்போதல்ல. மேடைக்கும் உறைக்கும் நடுவே உள்ள சில நொடிகளில்.

இனி ஆலைக்கு வருவோம். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் என்று ஊரார் அழைத்த முதல் நூற்பாலை கோவையில் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் வரிசையாகப் பெருகின. 1956-இல் ஜவுளி ஆராய்ச்சிக்கென்றே சிட்ரா நிறுவனமும் இங்கே வந்தது. ஊர் இதற்கு வாய்ப்பாக அமைந்ததற்குக் கரிசல் மண்ணின் பருத்தி, மின்சாரம் என்று பல காரணம் சொல்வார்கள். ஆலைக்குள் போனவர்கள் உடனே உணர்வது வேறொன்றை. உள்ளே காற்று கனமாக, ஈரமாக இருக்கும். வெளியே பங்குனி வெயில் மண்ணை வெடிக்க வைத்தாலும் உள்ளே சட்டை உடம்பில் ஒட்டும்.

அது வேண்டுமென்றே செய்தது. காய்ந்த காற்றில் பஞ்சு இழைகள் உருளைகளில் உரசி மின்னூட்டம் பெறும். ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிலிர்க்கும். ஒழுங்காக நூலுக்குள் முறுக்கேறாமல் உருளையைப் போய்ச் சுற்றிக்கொள்ளும். லேப்பிங் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் தொல்லை அது. நூல் அறும், இயந்திரம் நிற்கும். ஆகவே நூற்புக்கூடத்தில் காற்றின் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டை ஒட்டி வைப்பது வழக்கம்; தறிக்கூடத்தில் இன்னும் கூடுதலாக வைப்பார்கள். அதற்கென்று ஓர் அறை முழுக்கக் காற்றாடிகளும் நீர்த்தெளிப்பான்களும் இருக்கும். வெளிக்காற்று தண்ணீர்த் திரையின் வழியே புகுந்து, தூசி கழுவப்பட்டு, ஈரம் ஏறி உள்ளே போகும். ஹியூமிடிட்டி பிளாண்ட் எனப்படும் இந்த ஏற்பாடு நின்றால் ஷிஃப்டே நின்றதுபோலத்தான்.

பருத்தியாவது ஈரத்தை உறிஞ்சும், பாலியெஸ்டர் உறிஞ்சாது. அதைத் தனியாக நூற்பது பெரும்பாடு. அதனால் பாலியெஸ்டர் இழை தயாராகும்போதே அதன்மேல் மின்னூட்டத்தை வடிக்கும் எண்ணெய்ப் பூச்சு ஒன்றைத் தடவி அனுப்புகிறார்கள். இசைத்தட்டு இந்த விஷயத்தில் பாலியெஸ்டரின் பங்காளி. ஈரத்தை உறிஞ்சாது, பூச்சும் கிடையாது. பிளாஸ்டிக்கில் கரியைக் கலந்தால் தட்டே மின்கடத்தியாகிவிடுமே என்று கேட்கலாம். 1981-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் படம் பார்ப்பதற்காக விற்ற சி.இ.டி. வட்டுகளில் அப்படித்தான் கரியை நிறையக் கலந்து கடத்தியாக்கினார்கள். அந்த முறைக்கு அது தேவைப்பட்டது. இசைத்தட்டில் கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரி அதில் ஒரு சிட்டிகைகூட ஆகாது. கறுப்புத் தட்டில் மின்சாரம் நிற்காது, வண்ணத் தட்டில்தான் நிற்கும் என்று சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்று ஈரமாக இருந்தாலும் நல்ல மின்காப்புத்தான். வேலை நடப்பது பொருளின் தோலில். காற்றில் ஈரப்பதம் கூடும்போது எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. கைபட்ட உப்பும் பிற அசுத்தங்களும் அதில் கரைந்திருப்பதால் மின்னூட்டம் அதன் வழியே மெல்ல நழுவிப் பரவி வடிந்துவிடுகிறது. ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதம் இறங்கினால் படலம் அறுபட்டுவிடும்; தொல்லை தலைதூக்கும். 50ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இங்கேதான் நம் ஊரின் வெயில் கணக்கு வருகிறது. ஈரப்பதம் என்று நாம் சொல்வது, அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை. சூடு ஏறினால் காற்றின் கொள்ளளவும் ஏறும். உள்ள நீராவி மாறாவிட்டாலும் விழுக்காடு சரியும். பங்குனி மதியம் 35 டிகிரியில் ஈரப்பதம் 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று, ஒரு சொட்டு நீர்கூடச் சேராமல், விடியற்காலையில் 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு வந்துவிடும். மதியம் சீறிய தட்டு விடிகாலையில் பூனையாகிவிடுவதன் ரகசியம் இதுதான். கோடையில் செலவில்லாத முதல் மருந்து, கேட்கும் நேரத்தை மாற்றிக்கொள்வது. தட்டுகளை அடுக்கி, துடைத்து, உறை மாற்றும் வேலைகளையும் மதியத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏசி அறையில் எல்லாம் காய்ந்துவிடும் என்ற பேச்சும் இந்தக் கணக்கில் பாதிதான் நிற்கிறது. ஏசி காற்றிலிருந்து நீரைப் பிழிந்து குழாய் வழியே வெளியேற்றுகிறது, உண்மை. கூடவே சூட்டையும் இறக்குகிறது. மேலே சொன்ன மதியக் காற்றை வெறுமனே 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 62 விழுக்காடு ஆகும். ஏசி கொஞ்சம் பிழிந்தெடுத்தபின்னும் 50ஐ ஒட்டி நிற்கலாம். திறந்த ஜன்னல் அறையைவிட அது மேல். சென்னையின் ஈரக்காற்றுக்குப் பொருந்தும் அறிவுரையை அப்படியே தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் கொண்டுவருவதில் வரும் குழப்பம் இது.

ஏசியைவிடப் பொருத்தமானது பழைய ஏர் கூலர். நனைந்த திண்டின் வழியே காற்றை இழுத்து ஈரமாக்கி அனுப்பும் அந்தப் பெட்டி, ஆலையின் ஹியூமிடிட்டி பிளாண்டுக்கு வீட்டுக் குட்டி. காற்று நேராகத் தட்டின்மேல் அடிக்காமல், பக்கத்து மூலையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். இதற்குப் பதிலாக இப்போது பலர் மேசைமேல் வைக்கும் மீயொலி ஈரமாக்கியை வாங்குகிறார்கள். வெண்புகையாக நீரைத் துப்புமே, அது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கூலரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு திண்டிலேயே தங்கிவிடும். மீயொலிக் கருவி தண்ணீரை உப்போடு சேர்த்துத் துளியாக்கி வீசுகிறது. துளி காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக அறையெங்கும் படிகிறது. நம் போர்வெல் தண்ணீரை ஊற்றி அதை ஓட்டினால், தூசியைத் தடுக்க வாங்கிய கருவியே தூசி உற்பத்தி செய்யும். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இன்வெர்ட்டருக்கு வாங்கும் உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீரை ஊற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது பேட்டரி ஆசிட் கேனைத் தூக்கிவந்துவிடக் கூடாது.

ஈரத்துக்கும் எல்லை உண்டு. வால்பாறையில் இருப்பவருக்கு இதுவரை சொன்னது எதுவும் தேவைப்படாது. அவருக்கு எதிரி பூஞ்சை. அட்டை உறை ஊறிப் புள்ளி விழும், வரிப்பள்ளத்திலும் பூஞ்சை வேர் பிடிக்கும். சமவெளியிலும் ஐப்பசி அடைமழையில் கூலரை அணைத்துவிட வேண்டும். ஐம்பதை ஒட்டி நின்றால் இரண்டு தொல்லையும் இல்லை. சிறிய ஈரப்பதமானி ஒன்றைத் தட்டு அலமாரியின் பக்கத்தில் வைத்தால் ஊகத்துக்கு இடமிருக்காது. இந்த விஷயத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கரி இழைத் தூரிகை நல்லது, பிடிக்கும் முறை சரியாக இருந்தால். இழைகளிலிருந்து மின்னூட்டம் உலோகப் பிடி வழியாக உங்கள் விரலுக்கு வந்து, உடம்பின் வழியே தரைக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு நின்று துடைத்தால் பாதை அறுந்துவிடுகிறது. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பது உத்தமம். செயற்கை இழைக் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பவானி பருத்தி ஜமக்காளத்தை விரித்தால் உங்கள் உடம்பில் ஏறும் மின்னூட்டமும் குறையும். தூரிகையை அழுத்தவும் கூடாது. மெல்ல வைத்து இரண்டு சுற்று விட்டு, அப்படியே ஓரத்துக்கு நகர்த்தி எடுத்துவிட வேண்டும்.

துப்பாக்கி வடிவக் கருவிகளில் பெயர்பெற்றது ஸீரோஸ்டாட். உள்ளே இருக்கும் படிகத்தை விசை அழுத்தும்போது நேர் அயனிகளும், விசையை விடும்போது எதிர் அயனிகளும் வெளிவரும். மெல்ல அழுத்தி மெல்ல விடுவதுதான் சூத்திரம். 'சடக்' என்று ஓசை வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். தட்டை மேடையில் வைத்துக்கொண்டு இதைச் செய்வதைவிடக் கையில் தூக்கிப் பிடித்துச் செய்வது மேல். உலோக மேடை மின்புலத்தை அடக்கிவைத்திருப்பதால் அயனிகளுக்கு அங்கே இழுவை குறைவு. வேலை செய்யும் கருவிதான். ஆனால் காய்ந்த அறையில், சுட்டு முடித்து உறைக்குள் தள்ளினால் அந்த உரசலிலேயே தட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பனியன் வேஸ்ட் துணியால் உலரத் துடைப்பது வேண்டவே வேண்டாம். பருத்தி வரிசையில் நடுவில் நின்றாலும் வினைல் அதனிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். போதாததற்கு இழையை விட்டுப்போகும். துணி மென்மையாக்கியைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் யோசனையும் உலவுகிறது. மின்னூட்டம் அடங்கும் என்பது மெய்தான், பாலியெஸ்டர் பூச்சின் தத்துவமே அது. ஆனால் அந்தப் பிசுக்கு பள்ளத்தில் தங்கி ஊசி முனையில் உருண்டு சேரும்.

ஈரமாகக் கழுவுவது வேறு கதை. உப்பு நீக்கிய தண்ணீர், அதில் ஓரிரு துளி மென்மையான திரவ சோப்பு, மென்தூரிகை. வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, காற்றில் உலரவிட்டால் தூசியும் மின்னூட்டமும் ஒன்றாகப் போய்விடும். நடுவிலுள்ள காகித லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவாணித் தண்ணீர்தானே, சுத்தமாயிற்றே என்று குழாயில் பிடித்து அலசக் கூடாது; குடிக்க இனிக்கும் தண்ணீரிலும் தாது உப்பு உண்டு. கழுவிய நீரைத் தட்டிலிருந்து உறிஞ்சியெடுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஈரம் போனபின்னும் சுற்றவிட்டால் காய்ந்த உரசலில் மின்னூட்டம் மீண்டும் ஏறும். கழுவிய தட்டைப் பழைய காகித உறையில் போடாமல், நிலைமின் தடுப்பு சேர்த்த பாலிதீன் உள்ளுறையில் போடுவது நல்லது. அதையும் வெடுக்கென்று உருவாமல், உறையின் வாயைச் சற்றே அகலப் பிடித்து, இருபுறமும் உரசாமல் நிதானமாக எடுக்க வேண்டும். ஃபெல்ட் விரிப்பை மாற்றி கார்க் அல்லது தோல் விரிப்பு போட்டால், ஒட்டி எழும்பும் தொல்லையும் தீரும்.

இதெல்லாம் வினைலுக்குச் சொன்னது. தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளை அலமாரியில் வைத்திருப்பவர்கள் இதே முறையில் இறங்கிவிடக் கூடாது. அவை அரக்கோடு கற்பொடி கலந்து வார்த்தவை. அவற்றின் கரகரப்பு பெரும்பாலும் அந்தக் கற்பொடியின் குரல், எந்தத் தூரிகைக்கும் அடங்காது. வினைலைத் துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.